தத்துப் போன பிள்ளை குடும்பத்தோடு வருகிறாளா? ஊர் சுற்றும் நாளுக்கு அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, தம்பி, உங்கள் வீட்டிலிருந்தோ பக்கத்து லயத்திலிருந்தோ நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முன் வெளிநாட்டுக்குத் தத்துப் போன ஒரு பிள்ளை, இப்போது வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பதுளைக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெற்றவளைப் பார்த்தாயிற்று, அழுதாயிற்று. அடுத்த நாள் எல்லோருமாகச் சேர்ந்து எங்கேயாவது போய் வரலாம் என்று பேச்சு வரும். வேன் பிடிப்பது, இடம் சொல்வது, மொழிபெயர்ப்பது எல்லாம் உங்கள் தலையில்தான் விழும். அந்த ஒரு நாளை எப்படி நடத்துவது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் பின்கதை. இது தெரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும். 1970, 80களில் இலங்கையிலிருந்து ஏறத்தாழ 11,000 பிள்ளைகள் ஐரோப்பாவுக்குத் தத்துப் போனதாகக் கணக்குச் சொல்கிறார்கள். நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து, சுவீடன், ஜெர்மனி என்று பல நாடுகள். சிங்களத் தாய்மாரின் பிள்ளைகளும் உண்டு, நம் தோட்டத்துப் பிள்ளைகளும் உண்டு. 1973, 74ல் தோட்டங்களில் பஞ்சம் எப்படி இருந்தது என்று உங்கள் பாட்டியைக் கேட்டால் சொல்வார். பிறகு வந்த வருஷங்களிலும் கையில் காசில்லாத, கழுத்தில் தாலியில்லாத பெண்ணுக்கு யாரும் துணை நிற்கவில்லை. அந்த நிலைமையைத் தரகர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். பெற்றவள் ஒருத்தி இருக்க, நீதிமன்றத்தில் வேறொருத்தி தாயாக நின்று பிள்ளையைக் கொடுத்த சம்பவங்களும் பின்னாளில் வெளியே வந்தன. 1992ல் தத்தெடுப்புச் சட்டம் திருத்தப்பட்டு வெளிநாட்டுத் தத்து இறுக்கப்பட்டது. 1995ல் இலங்கை ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கையை உறுதிப்படுத்தியது. 2017ல் நெதர்லாந்துத் தொலைக்காட்சியின் செம்ப்ளா நிகழ்ச்சி இந்த முறைகேடுகளை ஊரறியச் செய்தது. 2020 டிசம்பரில் சுவிஸ் அரசு வருத்தம் தெரிவித்தது. 2021 பிப்ரவரியில் நெதர்லாந்து தன் விசாரணைக் குழுவின் அறிக்கைக்குப் பிறகு வெளிநாட்டுத் தத்துகளையே நிறுத்தி வைத்தது.

ஆக, வேனில் ஏறும் அந்தக் குடும்பத்துக்குப் பின்னால் இவ்வளவு கனம் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், ஊர் சுற்றும் நாளில் யாரும் யாரிடமும் கணக்குக் கேட்கக் கூடாது. கேள்விக்கு வேறு நாள் உண்டு. அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பயணம் போக வேண்டும், ஒன்றாகச் சாப்பிட வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

1. சந்திப்பு ஒரு நாள், சுற்றுலா இன்னொரு நாள்

முதல் சந்திப்பையும் ஊர் சுற்றுவதையும் ஒரே நாளில் போடாதீர்கள். முதல் நாள் முடியும்போது பெற்றவளும் களைத்திருப்பாள், வந்தவளும் களைத்திருப்பாள். முடிந்தால் நடுவில் ஒரு நாள் இடைவெளி விடுங்கள். பிரஷர், சுகர் உள்ள தாயென்றால் கிளினிக் நாளைப் பார்த்துத் தேதி வையுங்கள். கொழுந்து பறிக்கும் சகோதரிக்கு ஒரு நாள் பேர் (சம்பளம்) போனால் எவ்வளவு நட்டம் என்று உங்களுக்கே தெரியும். வெளிநாட்டுக் குடும்பத்துக்கு அது தெரியாது. ஞாயிற்றுக்கிழமையோ போயா தினமோ பார்த்துச் சொல்லுங்கள்.

காலநிலையையும் சொல்லி வையுங்கள். ஐரோப்பாவில் பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்ட். நம் ஊவாவில் அது காய்ந்த காற்று வீசும் காலம், உலகம் தேடி வாங்கும் ஊவாத் தேயிலையின் மணம் இலையில் ஏறும் காலமும் அதுதான். பயணத்துக்கு நல்லது. டிசம்பர் விடுமுறைக்கு வருகிறார்கள் என்றால் எச்சரிக்கையாக இருங்கள். அக்டோபரிலிருந்து ஜனவரி வரை நமக்கு அடைமழை. 2014 அக்டோபர் 29ல் கொஸ்லந்தை மீரியபெத்தயில் லயங்களை மண் மூடியதும் இந்த மாதங்களில்தான். 2025 நவம்பர் கடைசியில் தித்வா புயல் பதுளையைப் புரட்டிப் போட்டதும் இந்த மாதங்களில்தான். மண்சரிவு எச்சரிக்கை இருக்கும் நாளில் ‘எப்படியாவது போய் வந்துவிடலாம்’ என்று கிளம்பாதீர்கள்.

2. வேனில் யார் யார்

தோட்டத்தில் ஒரு வேன் வந்து நின்றால் பெரியப்பா மகன், பக்கத்துக் காம்பராப் பிள்ளைகள் எல்லோரும் ஏறிவிடுவார்கள். ஆசைதான், தப்பில்லை. ஆனால் அன்றைக்கு வேண்டாம். பெற்றவள், கூடப் பிறந்தவர்களில் ஒருவர் அல்லது இருவர், மொழிபெயர்க்க ஒருவர், வந்த குடும்பம். இத்தோடு நிறுத்துங்கள். மற்றவர்களுக்கு மாலையில் வீட்டில் ஒரு தேத்தண்ணி நேரம் வைத்து எல்லோரையும் பார்க்க வையுங்கள். இதை முதல் நாள் இரவே வீட்டுப் பெரியவர் ஒருவர் வாயால் சொல்ல வைத்தால் காலையில் சங்கடம் வராது.

சில குடும்பங்களோடு வளர்த்த தாய் தகப்பனும் வருவார்கள். வயதானவர்கள். அவர்களில் பலர் ஏமாற்றுத் தெரியாமலே, காகிதம் சரி என்று நம்பிப் பிள்ளையைக் கொண்டுபோனவர்கள். அவர்களையும் பேர் சொல்லி, உரிய மரியாதையோடு நடத்துங்கள். இரண்டு தாய்மாரையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தி ‘யாரைப் பிடிக்கும்’ என்று பேரப்பிள்ளைகளிடம் கேட்கும் விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

3. வண்டியும் வளைவும்

நம் ரோட்டு வளைவுகள் நமக்குப் பழக்கம். வந்த பிள்ளைகளுக்கு வாந்தி வரும். வருஷக்கணக்காக மலையை விட்டு இறங்காத பெற்றவளுக்கும் வரும். காலையில் வயிறு நிறையக் கொடுக்காதீர்கள். பிளாஸ்டிக் பை, ஈரத் துண்டு, தேசிக்காய், இஞ்சி மிட்டாய் எடுத்து வையுங்கள். பெற்றவளை முன் சீட்டில் உட்கார வையுங்கள். தோட்ட ரோட்டில் பெரிய வேன் ஏறாது என்றால், லயத்திலிருந்து மெயின் ரோடு வரைக்கும் ஓர் ஆட்டோவை முன்கூட்டியே பேசி வையுங்கள். வயதானவரை நடக்க விட்டுவிட்டு வெளிநாட்டார் வேனில் காத்திருக்கிற நிலை வரக் கூடாது.

தமிழ் பேசும் டிரைவர் கிடைத்தால் பெரிய உதவி. கிடைக்காவிட்டால், இது சாதாரண டூர் இல்லை என்று டிரைவரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். கடைக்கடையாக ஏறி இறங்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

4. இரண்டு இடம் போதும்

வெளிநாட்டார் கையில் வழிகாட்டிப் புத்தகம் இருக்கும். பத்து இடம் குறித்திருப்பார்கள். பெற்றவளின் முழங்காலை வைத்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மூன்று வழி சொல்கிறேன், ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வழி, ரயில். எல்லோருக்கும் ஏற்றது. பதுளையில் ஏறி ஹாலிஎல, தெமோதரை வழியாக எல்ல வரை ஒரு மணி நேரம் போல ஆகும். நம் பாதை 1924ல் பதுளையைத் தொட்டது, அதற்கு மேல் தண்டவாளம் கிடையாது. தெமோதரையில் ரயில் ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்து, மலையைச் சுற்றி ஏறி, அதே சுரங்கத்துக்கு நேர் மேலே உள்ள நிலையத்தில் வந்து நிற்கும். பேரப்பிள்ளைகளுக்கு இதை முன்பே சொல்லி வைத்தால் ஜன்னலை விட்டு நகர மாட்டார்கள். அடுத்து 1921ல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலம். ரயிலில் போகும்போதே பார்த்துவிடலாம், இறங்கி நடக்கத் தேவையில்லை. வேனை எல்லவில் காத்திருக்கச் சொல்லுங்கள். பெற்றவளுக்கு ஜன்னலோர சீட்டும் அவளுக்கு எதிரே மகளும் கிடைக்கிற மாதிரி அரை மணி நேரம் முன்பே நிலையத்துக்குப் போங்கள். ரயிலில் பேச வேண்டிய கட்டாயம் இல்லை, வெளியே பார்த்துக்கொண்டிருக்கலாம். மொழி தெரியாத இரண்டு பேருக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. புயல், மண்சரிவுக்குப் பிறகு ரயில் நேரங்கள் மாறும், சில நாள் ஓடாமலும் இருக்கும். முதல் நாள் பதுளை நிலையத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். எல்லவிலிருந்து வெல்லவாய ரோட்டில் கொஞ்சம் இறங்கினால் இராவணன் நீர்வீழ்ச்சி ரோட்டோரத்திலேயே இருக்கிறது. வேனை விட்டு இறங்கியதும் கண்ணில் படும். குரங்கு கைப்பையைப் பறிக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழி, துன்ஹிந்த. பதுளை டவுனிலிருந்து ஐந்து கிலோமீட்டர்தான், 64 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அருவி. ஆனால் ரோட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் காட்டுப் பாதையில் நடக்க வேண்டும், படியும் உண்டு. பெற்றவள் திடமாக இருந்தால் மட்டும் போங்கள். மழைக்காலத்தில் அட்டை ஏறும், கால் வழுக்கும். இல்லையென்றால் டவுனிலேயே முத்தியங்கன விகாரையையும் பக்கத்துக் கோயிலையும் நிழலில் நிதானமாகப் பார்த்துவிட்டுச் சாப்பிடலாம்.

மூன்றாவது வழி, அப்புத்தளைப் பக்கம். 1890ல் லிப்டன் துரை கட்டிய தம்பேதன்னை ஃபாக்டரி, அதற்கு மேலே ஏழு கிலோமீட்டர் தேயிலைக்குள் ஏறினால் லிப்டன் சீட். காலை ஒன்பது, பத்து மணிக்குள் போய்விட வேண்டும், பிறகு மூட்டம் மூடிவிடும். மேலே வரை ஆட்டோ போகும், ஏறி நடக்க வேண்டாம். குளிரும். பெற்றவளுக்கு ஸ்வெட்டர் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

5. தேயிலை மலையில் வேஷம் வேண்டாம்

சில இடங்களில் சுற்றுலாப் பயணிக்குச் சேலை கட்டி, முதுகில் கூடை மாட்டி, படம் எடுத்துக் காசு வாங்குகிறார்கள். பெற்றவள் முப்பது வருஷம் தூக்கிய கூடை அது. அவள் கண் முன்னால் மகளுக்கு அதை வேஷமாக மாட்டாதீர்கள்.

தாயே காட்ட விரும்பினால் கதை வேறு. பேரப்பிள்ளையின் கையைப் பிடித்து, மொட்டும் அதன் கீழே இரண்டு இலையும் எங்கே இருக்கிறது என்று காட்டி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து ஒடிக்கச் சொல்வாள். நகத்தால் கிள்ளினால் ‘அப்படி இல்ல, இப்படி’ என்று திரும்பவும் பிடித்துக் காட்டுவாள். அந்த நேரத்தில் மொழிபெயர்க்காதீர்கள், குறுக்கே நிற்காதீர்கள். அந்தக் கைகளில் கறை படிந்த வெடிப்புகளைப் பேரப்பிள்ளை தானாகவே தொட்டுப் பார்க்கும். ஒரு பிள்ளைக்குப் பாட்டி யார் என்று அதைவிட நன்றாக யாராலும் சொல்ல முடியாது. மலைக்குள் போவதற்கு முன் கங்காணியிடமோ தோட்ட ஆபீசிலோ ஒரு வார்த்தை சொல்லி அனுமதி வாங்கிவிடுங்கள். மருந்தடித்த மலை என்றால் பிள்ளைகளை இறக்க வேண்டாம்.

எல்லவுக்குப் பக்கத்தில் ஹல்பேவத்தையிலும், தம்பேதன்னையிலும் ஃபாக்டரியைச் சுற்றிக் காட்டுகிறார்கள். வாட்டுவது, அரைப்பது, புளிக்க வைப்பது, காய வைப்பது, சலிப்பது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். வாழ்நாள் முழுதும் கொழுந்து நிறுத்துக் கொடுத்தும், ஃபாக்டரிக்குள் அது என்ன ஆகிறது என்று பார்க்காத பெண்கள் நிறைய இருக்கிறார்கள். தாய்க்கும் டிக்கட் எடுங்கள்.

6. சாப்பாடு

மதியம் ஹோட்டலுக்குப் போனால் பெற்றவள் மெனுவைப் பார்த்துத் திணறுவாள், விலையைப் பார்த்துச் சாப்பிட மாட்டாள். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவதே மேல். ரொட்டி, தேங்காய்ச் சம்பல், பருப்பு, முட்டை. பிள்ளைகளுக்கு உறைப்பில்லாமல் தனியாகக் கொஞ்சம் சம்பல் எடுத்து வையுங்கள். குடிக்க போத்தல் தண்ணீர், பழம் வாழைப்பழம் மாதிரி தோலுரிக்கிறதாக இருக்கட்டும். தாய் ஊட்டிவிட ஆசைப்பட்டால் ஊட்டட்டும், ஆனால் மகளுக்குச் சம்மதமா என்று முதலில் மெதுவாகக் கேட்டுவிடுங்கள். வளர்ந்த பெண்ணுக்கு ஊட்டுவது அங்கே வழக்கம் இல்லை, அதை அவமதிப்பாகத் தாய் எடுத்துக்கொள்ளக் கூடாது.

7. பேச்சும் மொழிபெயர்ப்பும்

வழிகாட்டிகள் பலர் சிங்களம் பேசுவார்கள். பெற்றவளுக்கும் சிங்களம் தெரிந்திருக்கும். ஆனால் மனசுக்குள் இருப்பதைச் சொல்லத் தமிழ்தான் வரும். ஆகவே தமிழ் தெரிந்த ஒருவர் கட்டாயம் கூட வேண்டும். அவர் உறவுக்காரர் இல்லாமல் இருந்தால் நல்லது. தாய் சொன்னதைச் சொன்னபடி சொல்லுங்கள். அழகாக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். ‘அம்மா உங்களை நினைக்காத நாளே இல்லை’ என்று தாய் சொல்லாததை நீங்கள் சொன்னால், அது பிறகு ஒரு நாள் சிக்கலாகும்.

‘ஏன் கொடுத்தாய்?’ என்ற கேள்வியை அன்றைக்கு யாரும் கேட்க வேண்டாம். மகளிடமும் இதை முன்கூட்டியே பேசுங்கள். வழியில் பார்க்கும் ஊரார் ‘இதா அந்தப் பிள்ளை?’ என்று சத்தமாகக் கேட்பார்கள். ‘எங்க வீட்டு ஆளுங்க’ என்று சொல்லி நகர்ந்துவிடுங்கள். பெற்ற வீட்டில் வைத்த பேரா, வளர்ந்த வீட்டுப் பேரா, எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடலாம் என்று அவளையே கேளுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு அம்மாச்சி, மாமா, சித்தி என்று உங்கள் வீட்டு முறையைக் காலையிலேயே சொல்லிக் கொடுங்கள். அன்று முழுவதும் அதைச் சொல்லித் திரிவார்கள்.

8. காசு விஷயம்

வேன் காசு, டிக்கட் காசு யார் கொடுப்பது என்று முதல் நாளே பேசித் தீர்த்துவிடுங்கள். வெளிநாட்டவருக்குச் சில இடங்களில் தனிக் கட்டணம், அதையும் சொல்லிவிடுங்கள். அன்றைக்குக் கடன், கூரைத் தகரம், பிள்ளை படிப்பு என்று எதையும் கேட்கக் கூடாது. உதவி தேவைதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சு அன்றைக்கு வந்தால், தன்னைப் பார்க்க வந்தார்களா காசைப் பார்க்க வந்தார்களா என்ற சந்தேகம் அவள் மனசில் விழுந்துவிடும். ஒன்றையாவது நம் வீட்டார் வாங்கிக் கொடுக்கட்டும். எல்லோருக்கும் ஒரு தேத்தண்ணியும் வடையும் போதும். பெற்றவள் கையால் அந்தக் காசைக் கொடுக்க விடுங்கள்.

9. படம்

படம் எடுங்கள், ஃபேஸ்புக்கிலும் டிக்டாக்கிலும் போடாதீர்கள். தத்துக் கொடுத்ததைக் கட்டின புருஷனிடமும் மற்றப் பிள்ளைகளிடமும் சொல்லாமலே காலம் தள்ளிய தாய்மார் இருக்கிறார்கள். ஒரு படம் ஊர் முழுக்கச் சுற்றினால் அவள் வீட்டில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாது. சம்மதம் கேட்டு எடுத்து, அச்சுப் போட்டு இரண்டு வீட்டுக்கும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள். ஃபோன் இல்லாத தாய்க்கு அதுதான் மிஞ்சும்.

வளர்த்த பெற்றோரிடம் பழைய ஆல்பம் இருந்தால் கொண்டு வரச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் நீதிமன்ற உத்தரவு வரும் வரை பல தம்பதிகள் வாரக்கணக்கில் இலங்கையில் தங்கினார்கள். எடுத்த படங்களில் இடமும் ஆளும் பதிந்திருக்கலாம். ஊர் சுற்றிய அடுத்த நாள் நிதானமாகப் பாருங்கள்.

10. உறவு இன்னும் உறுதியாகவில்லை என்றால்

நீதிமன்றக் காகிதத்திலும் பிறப்புச் சான்றிதழிலும் தாயின் பேர் இருக்கிறது என்பதற்காக மட்டும் ‘இவள்தான் அம்மா’ என்று முடிவு கட்டாதீர்கள். பொய்த் தாய்மார் நின்றதை மேலே சொன்னேன். டி.என்.ஏ. சோதனை ஒன்றே உறுதி. சுவிட்சர்லாந்தில் இலங்கையிலிருந்து தத்துப் போனவர்களே நடத்தும் ‘பேக் டு தி ரூட்ஸ்’ போன்ற அமைப்புகள் இந்தத் தேடலுக்குத் துணை நிற்கின்றன. முடிவு வரும் வரை ஒன்றாகப் போகலாம், சாப்பிடலாம், ஆனால் நகை போடுவது, சொத்துப் பேச்சு, கோயிலில் பெரிய பூசை எல்லாம் காத்திருக்கட்டும். சோதனை ‘இல்லை’ என்று வந்தாலும் அந்தத் தாயை யாரும் பொய்க்காரி என்று பேசக் கூடாது. அவளும் தன் பிள்ளையைத் தேடிக்கொண்டிருப்பவளாக இருக்கலாம்.

11. இருட்டுவதற்கு முன் வீடு

நாலரைக்கெல்லாம் திரும்பிவிடுங்கள். மூட்டம் இறங்கினால் டிரைவருக்கும் சிரமம், பிள்ளைகளுக்கும் தூக்கம். பிரியும்போது மறுபடி எப்போது பேசுவது என்று நாளும் நேரமும் குறித்துக்கொள்ளுங்கள். தாயிடம் ஸ்மார்ட் ஃபோன் இல்லையென்றால் யாருடைய வாட்ஸ்அப்பில் பேசுவது, யார் மொழிபெயர்ப்பது என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். வெறுமனே ‘பேசுவோம்’ என்று விட்டால் அது நடக்காது. அன்று இரவு தாயைத் தனியாக விடாதீர்கள். மகளோ தங்கச்சியோ ஒருத்தி பக்கத்தில் படுத்துக்கொள்ளட்டும்.

கடைசியாக ஒன்று. நாங்கள் படித்த காலத்தில் இப்படிப்பட்ட தாய்மாரை ஊர் தூற்றியது, அவர்களும் வாய் மூடி வாழ்ந்தார்கள். இன்று உங்களில் பலருக்கு இங்கிலீஷ் தெரியும், ஃபோன் தெரியும், டவுன் தெரியும். அந்த அறிவை அவர்களுக்குக் கொடுங்கள். உங்கள் தோட்டத்தில் அப்படி ஒரு தாய் இருந்தால் அவள் கேட்காமலே போய், ‘நான் கூட வர்றேன், பயப்படாதீங்க’ என்று சொல்லுங்கள்.